தட்டைக் கழுவலாம், அட்டையைக் கழுவ முடியாது

பாலக்காட்டில் 2018 ஆகஸ்டில் மலம்புழா அணையைத் திறந்துவிட, கல்பாத்தி ஆறு கரையேறி வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அரிசி, மெத்தை, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் பாடப்புத்தகம் போன கதை அந்த வருஷம் கேரளத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா விட்டுவிட்டுப் போன ஐந்நூற்றுச் சொச்சம் கிராமபோன் ரெக்கார்டுகள் நனைந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரெக்கார்டுத் தட்டைப் போட்டுவைக்கிற அட்டை உறை நனைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாரம் யாராவது தமிழில் நாலு வரி சொல்லியிருந்தால் இன்னும் எத்தனையோ அட்டைகள் பிழைத்திருக்கும். மனைவியும் மகளும் பொள்ளாச்சியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கை துபாயில். வீட்டில் நானும் சேறும் மட்டும்தான்.

முதலில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். பொள்ளாச்சிக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுக்கு வந்து மைக் செட் கடை போட்டார். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பிளேயர், பேட்டரி, ஒரு தகரப்பெட்டி நிறைய ரெக்கார்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரமாகவே தொழில். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம் என்பது சர்வசாதாரணம். எந்தப் பாட்டு முதலில் என்பதில் முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு முறைப்பு நடக்கும். அப்பா அதற்கென்றே சுப்ரபாதத்தை முதலில் போடுவார். எம்.எஸ். அம்மாவின் குரலில் 1963-இல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட தட்டு. அது ஓடும்போது எந்தச் சம்பந்தியும் வாய் திறக்க மாட்டார். அது ஓடி முடிவதற்குள் இரண்டு பக்கமும் காப்பி குடித்துச் சமாதானமாகியிருக்கும். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழாவுக்கும் அப்பாதான் மைக் கட்டுவார். கொங்குநாட்டுப் படையை அடித்து விரட்டியதைக் கொண்டாடுகிற திருவிழா அது. "எங்களைத் துரத்தினதுக்கு நாங்களே வந்து பாட்டுப் போடறோம், காசை மட்டும் கையோட குடுத்துருங்க" என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. தமிழ்ப் படத்தின் ரெக்கார்டாக இருந்தாலும் அட்டையில் பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான். அதனால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அட்டைப் படத்தை வைத்து அவரே பெயர் வைத்திருந்தார். மாட்டுவண்டி, நீலச்சேலை, அழுகிற எம்.ஜி.ஆர்., சிரிக்கிற எம்.ஜி.ஆர். வேலைக்கு இருந்த பையன்களும் அந்தப் பெயர்களைத்தான் கற்றுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் பெட்டியைத் திறந்துவைத்தால் பெண்களும் குழந்தைகளும் சூழ்ந்துகொண்டு அட்டைகளைப் புரட்டுவார்கள். பாட்டின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அட்டையில் விரலை வைத்து, "இது போடுங்க மாமா" என்பார்கள். நாலு பாட்டு மட்டும் இருக்கிற சின்ன இ.பி. ரெக்கார்டுக்குத்தான் அட்டை வண்ணமயமாக இருக்கும். அதற்குத்தான் பிள்ளைகளிடம் மவுசு. அதற்கும் முந்திய அரக்குத் தட்டுகளுக்கு அட்டையே கிடையாது. நடுவில் ஓட்டை போட்ட பழுப்புக் காகித உறை, அதில் கம்பெனி விளம்பரம், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், இப்படி வெறும் உறையில் விற்றால் யார் கண்ணில் படும் என்று கேட்டு, மறு வருஷமே படம் போட்ட அட்டையைக் கொண்டுவந்தார். அதன்பிறகு விற்பனை ஏறியதைப் பார்த்து எல்லாக் கம்பெனிகளும் பின்னால் வந்தன. அவர் பெயரை அப்பா கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் அந்த மனிதர் போட்ட கணக்கில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அப்பாவிடம் ஒரு 'துரை பெட்டி'யும் இருந்தது. போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் மொத்தமாக விற்றது. ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகள், கிளிஃப் ரிச்சர்ட், பீட்டில்ஸ். அதில் பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு' அட்டையை நானும் தங்கையும் பார்த்துத் தீர்த்திருக்கிறோம். நாலு பேர் வரிசையாக ரோட்டைக் கடக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஏன் செருப்பு இல்லை என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே கேள்வி. 1969 ஆகஸ்டில் புகைப்படக்காரர் இயன் மேக்மில்லன் நடுரோட்டில் ஏணி போட்டு ஏறி நிற்க, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவைக்க, மொத்தம் ஆறே படம் எடுத்தார் என்பதெல்லாம் நான் காலேஜ் போனபிறகு படித்தது. அந்த அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ரெக்கார்டின் பெயரும் இல்லை. இங்கிலீஷ் படித்த லண்டன்காரனும் அதைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு அது 'ரோட்டு ரெக்கார்டு'. கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் கொடுத்த பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 1973-ஆம் வருஷத்து ரெக்கார்டு, 'கண்ணாடி ரெக்கார்டு'. கறுப்பு அட்டையில் முக்கோணக் கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து நிறமாகப் பிரியும். பள்ளிக்கூடத்தில் வானவில்லுக்கு ஏழு நிறம் என்று படித்துவிட்டு வந்து எண்ணினேன், ஆறுதான் இருந்தது. கருநீலத்தைக் காணோம். அப்பாவிடம் சொன்னதற்கு, "அச்சடிக்கிறவன் ஒரு கலர் மிச்சம் பிடிச்சிருப்பான்" என்றார். அவர் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியது 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கை என்று ராஜா செய்தது. பாடுகிற குரலே இல்லாத ரெக்கார்டைக் கல்யாண வீட்டில் எவன் கேட்பான் என்று அம்மா திட்டினாள். அதற்குள் கேசட் வந்து ரெக்கார்டுப் பெட்டி ஓரங்கட்டப்பட்டிருந்தது.

இந்த அட்டைகளின் பின்பக்கத்தில் அப்பா பேனாவால் எழுதிவைப்பார். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், என்ன தேதி, 'மூணாவது பாட்டு தாவும்', 'மழையில் நனைந்தது', 'பாக்கி 40 ரூபாய்'. மைக் செட்காரர்கள் ஒருவருக்கொருவர் ரெக்கார்டு கடன் கொடுப்பார்கள் என்பதால் முன்பக்கமும் பின்பக்கமும் ஊதா மையில் கடை ரப்பர் ஸ்டாம்பு. சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் அட்டையைக் கெடுத்தது என்பார்கள், விலையைப் பாதியாகக் குறைப்பார்கள். எனக்கு அந்தப் பின்பக்கம்தான் அப்பாவின் நாட்குறிப்பு.

சரி, தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில்தான் ரெக்கார்டு இருந்தது. ஒரு எல்.பி., அதாவது பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு, அட்டையோடு சேர்ந்து கால் கிலோ வரும், நூறு தட்டு என்றால் ஒரு அரிசி மூட்டை. மேலே வைத்தால் அலமாரி சாய்ந்துவிடும் என்பதால் கனமானது கீழே, லேசானது மேலே. எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். முகாமிலிருந்து திரும்பிவந்து பார்த்தபோது கேசட்டுகளும் சாமி படங்களும் காய்ந்த நிலையில் மேலே சௌக்கியமாக இருந்தன. இன்றைக்கு என் அலமாரி சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியது, அடித்தட்டு இடுப்பு உயரத்தில் ஆரம்பிக்கிறது. கார்ப்பென்டர் கூலியோடு 7,500 ரூபாய் ஆயிற்று. ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதை முதலில் செய்யுங்கள்.

நனைந்த அட்டை ஊதிவிடும். வரிசையாக நிமிர்த்தி வைத்த ரெக்கார்டுகள் ஊதி, அலமாரியின் இரண்டு பக்கப் பலகையையும் நெட்டித் தள்ளி, கல்லுப்போல இறுகியிருந்தன. ஒன்றை இழுத்தால் முதுகுப்பக்கம் கையோடு வந்துவிடும். நல்லவேளையாக ஆரம்பத்திலேயே ஒன்று அப்படிக் கிழிந்ததும் நிறுத்திவிட்டு, சுத்தியலால் அலமாரியின் பக்கப் பலகையைத் தட்டிக் கழற்றினேன். நெருக்கம் விட்டதும் தானாக நெகிழ்ந்து கொடுத்தன. அலமாரி போனால் போகட்டும். பலகை விலை 600 ரூபாய், ஒரு நல்ல அட்டையின் விலையும் ஏறக்குறைய அதுதான்.

எடுத்ததும் கை தானாகத் தட்டைத்தான் தேடுகிறது. பாட்டு அதில்தானே இருக்கிறது? தட்டை உருவித் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, காலி அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்குகிறோம். நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். எல்.பி. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக். ஒரு வாரம் சேற்றில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் காகிதத்துக்கு மட்டும்தான் ஆபத்து. அட்டைக்கு இருப்பதோ இரண்டு நாள். அதற்குமேல் பூஞ்சை பூக்கத் தொடங்கிவிடும். வழுவழுப்பான முகம் உள்ள அட்டைகள் ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று கிடந்து காய்ந்தால் ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. என் வீட்டில் ஒரு புராணப் படத்தின் கதைவசன ரெக்கார்டும் ஒரு மலையாளக் காதல் படமும் அப்படி ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் பிரியாமல் இருக்கின்றன. பிரிக்கப் பார்த்த ஓரத்தில் சிவபெருமானின் சடையில் கதாநாயகியின் பொட்டு.

பக்கத்து வீட்டுச் சேச்சி முதல் தெரு டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம் வெயில். ஆகஸ்ட் மாதப் பாலக்காட்டில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு நாள் மத்தியானம் சுள்ளென்று அடித்தபோது தெருவே மொட்டைமாடியில் காய்ந்தது, என் அட்டைகளும்தான். ஒரு மணி நேரத்தில் அட்டைகள் அப்பளம்போல் சுருண்டன. முன்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்த அட்டைகளில் அந்தத் தாள் படத்தையும் உரித்துக்கொண்டு எழும்பியது. தட்டை வெயிலில் வைத்தவர்கள் கதை இன்னும் மோசம். 60 டிகிரி சூட்டிலேயே பி.வி.சி. நெளிந்துவிடும், மொட்டைமாடித் தரை அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும். நிழல், காற்று, பொறுமை. இந்த மூன்றையும் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கிட்டேயே வரக்கூடாது.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. ஊரே வீட்டை இழந்து நிற்கும்போது நான் காகிதத்துக்கு அழுகிறேனே என்று ஒரு கூச்சம் வேறு. அதனால்தான் யாரிடமும் கேட்கவுமில்லை. கோவையில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் பழைய சிநேகிதன் ஒருவன் சும்மா நலம் விசாரிக்கப் போன் செய்தான். சொன்னதும் சத்தம் போட்டான். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல காய வைக்க உன்னால முடியாதுடா. முடியாததையெல்லாம் ஃப்ரீசர்ல போடு. உறைஞ்சா பூஞ்சை வளராது, ஒட்டாது. அப்புறம் நிதானமா நாலு நாலா எடுத்துக் காயவை." நனைந்த புத்தகங்களுக்கு நூலகங்களில் செய்வது இதுதானாம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சேற்றில் மல்லாந்து கிடந்தது. மேட்டுத் தெருவில் பேக்கரி வைத்திருக்கிற இக்காவிடம் போனேன். கரண்ட் இல்லாத நாட்களில் ஐஸ்கிரீமெல்லாம் உருகி, அவருடைய டீப் ஃப்ரீசர் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "ஐஸ்கிரீம் வைக்குன்ன பெட்டியில் யேசுதாஸோ!" என்று ஒரு சிரிப்பு. அவருக்கு வியாபாரமே நின்றிருந்த சமயத்தில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. கேக்குக்கு அடியில் போடும் பட்டர் பேப்பர் கட்டையும் அவரே கொடுத்தார். ஒவ்வொரு அட்டைக்கும் இடையில் ஒரு பட்டர் பேப்பர், பத்துப் பன்னிரண்டு அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், படுக்கவைத்து அடுக்கினோம். தட்டு இல்லாமல் அட்டை மட்டும்தான் போக வேண்டும், தட்டை உறைய வைக்கக் கூடாது. ஓணத்துக்கு அவருக்கு ஃப்ரீசர் தேவைப்படும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்த வருஷ ஓணம் எங்கே நடந்தது? பிற்பாடு கரண்ட் செலவுக்கென்று 1,500 ரூபாயை வலுக்கட்டாயமாக அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிறகுள்ள வேலை: ஒரு கை அளவுக்கு எடுத்து, கவரோடு வைத்தே குளிர் விடவேண்டும். பிறகு சேறு இருந்தால் மெல்லிய ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக்கூடாது. அட்டைக்குள்ளே, தட்டு இருக்கவேண்டிய இடத்தில், உறிஞ்சுகிற காகிதத்தைச் செருகி அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய பேப்பரைச் செருகினால் அதன் மை அட்டையில் ஏறிவிடும். பத்திரிகை அச்சகங்களில் ரோலின் கடைசியில் மிஞ்சும் அச்சடிக்காத நியூஸ்பிரிண்டை எடைக்குக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் நேராக அட்டைமேல் அடிக்கக்கூடாது. முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்து மேலே செங்கல். சீக்கிரம் பாரம் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், தாமதித்தால் நெளிவு நிமிராது. அந்தப் பதம் கைக்கு வர எனக்கு நிறைய அட்டை செலவாயிற்று. இப்படியும் கொஞ்சம் ஈரவாடை பாக்கியிருந்தது. அதைப் போக்கியது மார்கழியில் கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்று. பாலக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும், உதட்டை வெடிக்கவைக்கிற அந்த வறண்ட காற்று ஓசியில் கிடைக்கிற மருந்து. இப்போதும் வருஷாவருஷம் அந்தக் காற்றில்தான் அலமாரியைத் திறந்துபோடுகிறேன்.

பூஞ்சை பிடித்த அட்டையைத் தட்டி உதறாதீர்கள். முகமூடி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பிரஷ்ஷால் நன்றாகக் காய்ந்தபிறகு மட்டும் துடைக்க வேண்டும். இன்னொன்று, இதை யாரும் ரெக்கார்டு விஷயமாக நினைக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் அந்த வருஷம் கேரளம் முழுக்க எலிக்காய்ச்சல் பரவியது. சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து அட்டை துடைப்பதை அந்த வேலையாகவே எண்ணவில்லை. உடைந்த அரக்குத் தட்டு கையைக் கீறியிருந்தது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டாக்டர் கேட்டார், கையுறை போட்டீங்களா என்று. வைத்தியச் செலவு மட்டும் 11,000 ரூபாயைத் தாண்டியது. அரசாங்கம் கொடுத்த 10,000 ரூபாய் நிவாரணம் அதிலேயே கரைந்தது. வெள்ளத்தில் நனைந்தது எதுவானாலும், அது தம்பூராவே ஆனாலும், ரப்பர் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் தொடாதீர்கள்.

தட்டு கழுவுவது இதற்கெல்லாம் பிறகு ஓய்வு நேர வேலை. உலர்ந்த சேற்றோடு துணியால் துடைத்தால் பொடிமணல் பள்ளங்களைக் கீறிவிடும், அந்தக் கரகரப்பு ஆயுசுக்கும் போகாது. முதலில் ஓடுகிற தண்ணீரில் காட்டி மண்ணைப் போகவிட வேண்டும். லேபிள்மேல் தண்ணீர் படாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து அழுத்திக்கொள்ளலாம். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு, மெல்லிய துணி, பள்ளம் ஓடுகிற வட்டத்திலேயே துடைப்பு, மறுபடி வெறும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். ஆசிட் கலக்காததா என்று இரண்டு தடவை கேட்டு வாங்குங்கள். பாத்திரம் உலர்த்தும் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தால் போதும். பிடிவாதமான பூஞ்சைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து தொடலாம், ஆனால் எல்.பி., இ.பி.க்கு மட்டும். நிமிஷத்துக்கு 78 சுற்றில் ஓடும் பழைய தட்டு அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போகும். நம் நாட்டில் அறுபதுகளிலும் இந்த 78 தட்டு வந்துகொண்டிருந்தது, பீட்டில்ஸ் பாட்டுகளேகூட இங்கே அப்படி வந்தன. ஆகவே பாட்டு எந்தக் காலத்தது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையில் கனமாக, விளிம்பில் கண்ணாடிபோல உடைகிற மாதிரி இருந்தால் அது அரக்கு.

ஊதா ஸ்டாம்பு எல்லா அட்டையிலும் கரைந்து ஓடியிருந்தது. எம்.எஸ். அம்மாவின் நெற்றியிலிருந்து கழுத்து வரை ஊதா. மைப்பேனாவில் எழுதியது பெரும்பாலும் போயிற்று. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது அப்படியே இருந்தது, பென்சில் அதைவிட நன்றாக. அப்பா எண்பதுகளில்தான் பால்பாயிண்டுக்கு மாறினார். அதனால் எங்கள் குடும்பத்தின் எழுபதுகள் மங்கலாகவும் எண்பதுகள் தெளிவாகவும் இருக்கின்றன.

பிரிந்த ஓரங்களை ஒட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். புத்தக வேலையில் பேர்பெற்றவர்தான். 4,800 ரூபாய் முன்பணம். அட்டைகள் திரும்பி வந்தபோது பார்க்க அழகாக, நேராக, சதுரமாக இருந்தன. அளந்தால் நாலு பக்கமும் மெஷினில் சீவியிருந்தார்! பன்னிரண்டு அங்குலத் தட்டு உள்ளே நுழையவில்லை. கேட்டதற்கு, "ஓரம் பிசிறா இருந்துச்சு சார்" என்றார். ஒட்டியது மைதாப் பசை, அதற்கென்று அடுத்த மழைக்காலத்தில் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் தேடி வந்தன. பணமும் போய் அட்டைகளும் போயின. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் 'சீவக்கூடாது, லேமினேஷன் கூடாது, மைதா கூடாது' என்று எழுதிக்கொடுத்து, முதலில் உதவாத ஓர் அட்டையைச் சோதனைக்குக் கொடுங்கள். நான் இப்போது அமிலமில்லாத பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு நானே ஒட்டுகிறேன். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பழுத்து, பிசுபிசுத்து, படத்தையும் கறையாக்கும்.

ஊரில் செய்தி பரவி, வாங்குகிறவர்களும் வந்தார்கள். அப்போதுதான் சந்தை நிலவரம் புரிந்தது. தட்டுக்குத் தனி மதிப்பு, அட்டைக்குத் தனி மதிப்பு போடுகிறார்கள். பளபளவென்று கழுவி வைத்திருந்த தட்டை வெறும் வெள்ளை உறையில் நீட்டினால் 40 ரூபாய். அதே தட்டு சுமாரான அட்டையோடு 500, 600. நான் முதல் நாளிலிருந்து தட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த லட்சணம் இதுதான். கோவையில் காபிக்கடை திறக்கப்போகும் ஒரு பையன் இன்னும் வேடிக்கை. அவனுக்குத் தட்டே வேண்டாம், சுவரில் மாட்ட அட்டை மட்டும், ஒன்றுக்கு 150 ரூபாய். இரட்டையாக இருந்தவற்றைக் கொடுத்தேன். ரோட்டு ரெக்கார்டை அவன் இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டான். பின்பக்கத்தில் வண்ணாமடையில் நடந்த ஒரு காதுகுத்துக் கணக்கு அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது, அதனால் தரவில்லை. சுவரில் மாட்டுவதை நான் பழிக்கவில்லை. ஆனால் டியூப்லைட்டுக்கும் ஜன்னல் வெயிலுக்கும் நேராக மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். வெளிச்சம் குறைந்த சுவராகப் பார்த்து மாட்டச் சொன்னேன்.

மிஞ்சிய அட்டைகள் இப்போது ஒவ்வொன்றும் தெளிவான பாலிபுரொப்பிலீன் உறைக்குள் இருக்கின்றன. பி.வி.சி. உறை மலிவு, ஆனால் வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் தட்டின்மேல் பனிபோல் படியும், வாங்க வேண்டாம். நிமிர்த்திதான் வைத்திருக்கிறேன், ஒரு விரல் நுழைகிற தளர்ச்சியோடு. பாச்சா உருண்டை போடுவதில்லை, பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஏட்டுச்சுவடி வைத்திருந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னபடி மூலையில் துணியில் முடிந்த வசம்பு. பயனா, மனத்திருப்தியா தெரியாது, வாசனை பிடித்திருக்கிறது. எல்லா அட்டைக்கும் முன், பின், முதுகு என்று போனில் படம் எடுத்து, தங்கையிடமும் ஒரு பிரதி இருக்கிறது. இதை வெள்ளத்துக்கு முன்பே செய்திருந்தால் என்று நினைக்காத மழைக்காலம் இல்லை. ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் ஜூன் பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது எழுதுவதானால் பென்சிலில், உள்ளுறையில் எழுதுங்கள்.

ஏனென்றால் ஒரு செம்பை வைத்தியநாத பாகவதர் எல்.பி. தட்டு மட்டும் அட்டையில்லாமல் நிற்கிறது. கோட்டாயி இங்கிருந்து பக்கம்தான், செம்பையின் ஊர். அந்தத் தட்டை அப்பா மைக் செட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை, வீட்டில்தான் போடுவார். லேபிளில் கீர்த்தனையும் ராகமும் இருக்கின்றன. வயலின் யார், மிருதங்கம் யார் என்பதெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது, அது கூழாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் அந்த மிருதங்கம் யாருடையது என்று நானும் மகளும் வாதாடுகிறோம். நான் ஒருவர் பெயரைச் சொல்கிறேன், அவள் இன்னொருவர் என்கிறாள். உங்களில் யார் வீட்டிலாவது செம்பையின் பழைய எல்.பி.கள் அட்டையோடு இருந்தால் சொல்லுங்கள், லேபிளில் உள்ள தட்டின் எண்ணை அனுப்புகிறேன். அட்டையை விலைக்குக் கேட்கவில்லை, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.